இல்லாத நிலத்தில் கொடுத்த சம்பளம்

1776 செப்டம்பர் 16. பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. நியூயார்க் நகரம் முந்தைய நாள்தான் பிரிட்டிஷ் படையின் கைக்குப் போயிருந்தது. அமெரிக்கக் காங்கிரஸுக்கு அவசரமாக 88 பட்டாலியன்கள் (படைப்பிரிவுகள்) வேண்டும், கஜானாவிலோ காசில்லை. அச்சடித்த டாலரும் நாளுக்கு நாள் மதிப்பிழக்கத் தொடங்கியிருந்தது. அதனால் போர் முடியும்வரை நிற்கும் சிப்பாய்க்கு 20 டாலரோடு 100 ஏக்கர், கேப்டனுக்கு 300, கர்னலுக்கு 500 என்று அறிவித்தார்கள். சண்டையில் செத்தால் வாரிசுக்கு.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குக் காங்கிரஸிடம் கொடுக்க ஒரு ஏக்கர்கூடக் கிடையாது. மேற்கு நிலங்களுக்கு மாநிலங்கள் உரிமை கோரிக்கொண்டிருந்தன. அங்கே குடியிருந்தவர்களோ ஷானி, டெலவேர், மயாமி போன்ற பூர்வகுடி மக்கள்.

சரி, சிப்பாய் கைக்கு என்னதான் வந்தது? வாரண்ட் என்ற ஒரு காகிதம். அது பட்டா இல்லை. இத்தனை ஏக்கர் பாக்கி என்று சொல்லும் சீட்டு, அவ்வளவுதான். எந்த ஊர், எந்த மூலை என்று அதில் இருக்காது. இடம் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், பதிய வேண்டும், அப்புறம்தான் பட்டா. ஒவ்வொரு படியிலும் கைக்காசு இறங்கும்.

மேற்கே ஓஹாயோவில், வர்ஜீனியா மாநிலம் தன் வீரர்களுக்கென்று ஒதுக்கிக்கொண்ட பகுதியில் இடம் பிடிக்கச் சர்வேயரைக் காட்டுக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. நத்தானியேல் மாஸி போன்ற சர்வேயர்கள் கூலியாக நிலத்திலேயே ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள். அளவுகோல் 66 அடிச் சங்கிலி. நம்மூர் சர்வேயர் இழுத்த அதே கன்டர் (Gunter) சங்கிலிதான். ஒரு சதுரச் சங்கிலி நம் கணக்கில் 10 சென்ட். அளவில் குழப்பமில்லை, எல்லையில்தான் எல்லாம். ஓடைக்கரையில் ஒரு ஓக் மரத்தில் கோடாரியால் வெட்டி அடையாளம் வைத்து, அங்கிருந்து இத்தனை சங்கிலி தூரத்தில் இன்னொரு மரம் என்று எழுதுவார்கள். மரம் விழுந்தால் எல்லையும் விழுந்தது. ஒரே இடத்தை இரண்டு பேர் அளந்து வைத்திருப்பதும் சகஜம். வழக்குகள் தலைமுறை தாண்டி இழுத்தன.

காங்கிரஸ் தன் வாக்கைக் காப்பாற்ற இருபது வருஷம் ஆனது. 1794இல் ஃபாலன் டிம்பர்ஸ் சண்டையில் பூர்வகுடிக் கூட்டணி அமெரிக்கப் படையிடம் தோற்றது. அடுத்த வருஷம் கிரீன்வில் ஒப்பந்தத்தில் ஓஹாயோவின் பெரும்பகுதி கைமாறியது. 1796இல் காங்கிரஸ் தன் சிப்பாய்களுக்கென்று அங்கே சுமார் 25 லட்சம் ஏக்கரை ஒதுக்கியது. ஆனால் ஒரு நிபந்தனை: குறைந்தது 4,000 ஏக்கராகத்தான் கேட்க வேண்டும். 100 ஏக்கர் சீட்டு வைத்திருப்பவர் தன்னைப் போல இன்னும் 39 பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிழைப்புக்காக ஆளுக்கொரு திசையில் போய்விட்ட பழைய சிப்பாய்களால் ஆகிற காரியமா? சீட்டுகளைச் சல்லிசாக வாங்கிக் கட்டுக்கட்டாகச் சேர்த்திருந்த வியாபாரிகளுக்குத்தான் இது தோதாக அமைந்தது. 1800இல் 100 ஏக்கர் துண்டுகளுக்குச் சட்டம் வழிவிட்டபோது, எத்தனையோ சீட்டுகள் எப்போதோ கைமாறியிருந்தன.

பிரிட்டனோடு 1812இல் மறுபடி மூண்ட போருக்கான வாரண்டுகளை விற்கக்கூடாது என்று தடை போட்டுப் பார்த்தார்கள். பட்டா வந்தபின் விற்கத் தடையில்லையே! இலினாயில் தனக்கு விழுந்த 160 ஏக்கரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் விற்றவர்கள் ஏராளம். 1852இல் சீட்டையே விற்கலாம் என்று சட்டம் வந்தது; அதன்பின் அது கிட்டத்தட்ட ரூபாய் நோட்டு மாதிரிதான் புழங்கியது. 1855 சட்டப்படி, 14 நாள் சேவை செய்திருந்தாலே 160 ஏக்கர்.

இப்படிச் சேவைக்கு நிலம் பெற்றவர்களில் ஆபிரகாம் லிங்கனும் ஒருவர். 1832இல் பூர்வகுடிகளுக்கு எதிராக நடந்த பிளாக் ஹாக் போரில் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தார். கொசுக்களோடுதான் ரத்தம் சிந்திப் போராடினேன் என்று பிற்பாடு காங்கிரஸிலேயே கேலி செய்துகொண்டார். அந்தச் சேவைக்கு முதலில் 40, அப்புறம் 120 ஏக்கர், இரண்டும் அயோவாவில். அவர் அதில் ஏர் பூட்டவில்லை, விற்கவும் இல்லை. 1865இல் அவர் சுடப்பட்டு இறந்தபோது நிலம் மனைவி, மகன்களுக்குப் போனது.