மிரர்லெஸ்: கண்ணாடி எங்கே போச்சு?

பழைய ஃபுஜி எக்ஸ்-இ1 கேமரா ஒன்று வாங்கலாமென்று விளம்பரங்களைத் துழாவினால், ‘கண்ணாடியில்லாத கேமரா’ என்று ஒன்றல்ல, நான்கு. எட்டிப் பார்த்த நண்பர் கேட்டார்: “ஏன், உடைஞ்சிடுச்சா?” அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மிரர்லெஸ் என்றால் மிரர் இல்லாதது, அவ்வளவுதான். எஸ்எல்ஆர் என்னும் முந்தைய வகை கேமராவுக்குள் 45 பாகையில் சாய்ந்த ஆடி, அதாவது மிரர், ஒன்று உண்டு. லென்ஸ் வழியே வரும் ஒளியை, நாம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும். படமெடுக்கும் நொடியில் மேலே தூக்கி வழிவிடும். 2008இல் வந்த பானசோனிக் ஜி1 அதை விட்டொழித்தது.

விட்டொழித்தது ஆடியை, கண்ணாடியை அல்ல. லென்ஸே கண்ணாடிதானே, அது இல்லாமல் எதைப் படமெடுப்பது? ‘முகம் பார்ப்பதும் கண்ணாடிதான், கண் + ஆடி என்றுதானே பிரிகிறது’ என்பார்கள். சரி, ஆனால் இன்று ஜன்னலில் இருப்பதும் மூக்கின்மேல் இருப்பதும் அதே சொல். அதனால்தான் இயற்பியல் பாடநூல் குழியாடி, குவியாடி என்று எழுதியது. குழிக்கண்ணாடி என்று எந்தப் பிள்ளையும் படித்ததில்லை. பள்ளியில் படித்ததை மொழிபெயர்க்க உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

என் கட்சி ‘ஆடியிலி’. முதுகெலும்பிலி என்று விலங்கியலில் சொல்கிறோமே, அதே வார்ப்பு. ‘ஆடியற்ற ஒளிப்படக் கருவி’ என்று நீட்டி முழக்க வேண்டாம். ஆடித் தள்ளுபடி இல்லாத கேமராவா என்று யாராவது கேட்கக்கூடும், கேட்கட்டும். கருவியின் குணமும் இந்தச் சொல்லில் இருக்கிறது. ஆடி அசைய இடம் வேண்டுமென்பதால் எஸ்எல்ஆருக்கான நிக்கான் எஃப் மவுண்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் வளையம்) படம் பதியும் சென்சார் 46.5 மி.மீ. தள்ளி இருக்கிறது, ஆடியில்லாத ஃபுஜி எக்ஸ் மவுண்டில் 17.7தான். உடம்பு ஒல்லியானது ஆடி போனதால்.

இதைவிடக் கொடுமை, ரேஞ்ச்ஃபைண்டருக்கு ‘வரம்பு கண்டுபிடிப்பான்’. எந்த வரம்பு, வயல் வரம்பா? பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று அளப்பது அது. தூரமானி என்றால் போதும். 2012இல் வந்த எக்ஸ்-இ1இல் தூரமானியும் கிடையாது. இடது மூலையில் வியூஃபைண்டர் வைத்த அந்த உருவம் மட்டும் தூரமானி கேமராக்களான லைக்கா எம் வரிசையை நினைவூட்டும். வலக்கண்ணால் பார்ப்பவருக்கு மூக்கு பின்பக்கத் திரையில் இடிக்காது. ஃபோகஸ் கொஞ்சம் மந்தம்தான். ஆனால் 16 மெகாபிக்சலில் அது தரும் நிறம் இன்றும் எனக்கு அலுக்கவில்லை.

ஆமாம், வாங்கிவிட்டேன். விற்றவரிடம் போனில் ‘மிரர்லெஸ்’ என்றுதான் சொன்னேன். ஆடியிலி என்றிருந்தால் அவர் போனை வைத்திருப்பார்.