பட்டா தேடினால் அரசுத் தளம் ஏன் பின்தங்குகிறது?

'பட்டா சிட்டா ஆன்லைனில் பார்ப்பது எப்படி' என்று கூகுளில் தட்டிப் பாருங்கள். யூடியூப் வீடியோக்களும் வழிகாட்டித் தளங்களும் வரிசைகட்டி நிற்கும். பட்டாவை ஆன்லைனில் தருவது தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளம்தான். ஆனாலும் முதலிடம் அதற்கு நிச்சயமில்லை.

எது அதிகாரபூர்வமானது என்று தேடுபொறி யாரிடமும் விசாரிப்பதில்லை. கூகுளின் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-ல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையில், ஒரு பக்கத்துக்கு வரும் ஒவ்வொரு இணைப்பும் ஒரு வாக்கு. செல்வாக்குள்ள பக்கம் போடும் வாக்குக்கு மதிப்பு அதிகம். பின்னர் வேறு பல அளவுகோல்களும் சேர்ந்தன. அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த ஏகபோக வழக்கின் 2023 விசாரணையில், கூகுளின் நேவ்பூஸ்ட் என்ற தரவரிசை முறை 13 மாத கிளிக் பதிவுகளைப் பயன்படுத்துவது சாட்சியத்தில் வெளிவந்தது. மேலே இருப்பதால் கிளிக் விழுகிறது, கிளிக் விழுவதால் மேலேயே நிற்கிறது. முகவரி கவ்.இன் (gov.in) என்று முடிவதால் மட்டும் கூடுதல் மதிப்பெண் கிடையாது.

பாதிப் பழி அரசுத் தளங்கள் மீதும்தான். பட்டா பக்கத்தில் இருப்பது ஒரு படிவம்: மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண். பக்கங்களைத் தானாகப் படித்துச் சேகரிக்கும் கூகுளின் நிரலான போட் அதையெல்லாம் நிரப்பி உள்ளே போகாது. அதன் கண்ணுக்குப் படுவது நாலைந்து தலைப்புச் சொற்கள். வழிகாட்டித் தளமோ நீங்கள் தட்டிய அதே வாக்கியத்தையே தலைப்பாக வைத்திருக்கும். பல பழைய அரசாணைகள் ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள். எழுத்தாகவே இருந்தாலும் பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்திருந்தால், நமக்குத் தமிழாகத் தெரிவது இயந்திரத்துக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளைப் புதியதற்குத் திருப்பிவிடாமல் கைவிட்டால், பல வருடம் சேர்ந்த வாக்குகளும் அதோடு போச்சு.

பட்டாவில் இதனால் நேரம்தான் வீண். பாஸ்போர்ட்டில் காசு போகும். விண்ணப்பக் கட்டணம் என்று பணம் பறிக்கும் போலித் தளங்களைப் பெயர் சொல்லியே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்திருக்கிறது.

தேடும்போது ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் கவ்.இன் சேருங்கள், பிறகு ஓர் இடைவெளி விட்டுத் தேடுசொல். அரசுத் தளங்கள் மட்டுமே வரும். மத்திய அரசின் சில தளங்கள் நிக்.இன் (nic.in) என்றும் முடியும், அதையும் ஒருமுறை பாருங்கள். 'ஸ்பான்சர்டு' என்று போட்டிருந்தால் அது காசு கொடுத்து வாங்கிய இடம். முகவரியில் 'கவ்' என்பதற்கு முன்னால் புள்ளி இருக்க வேண்டும். சிறு கோடு இருந்தால் அது அரசுத் தளமே அல்ல. தொடக்கத்தில் வரும் https:// பகுதியை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்பாக முகவரி எப்படி முடிகிறது என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு 'கவ்' என்று எத்தனை முறை வந்தாலும் அர்த்தமில்லை.