அந்த வரி யாருடைய குரல்? மேற்கோள் காட்டும் முன் பார்க்க வேண்டியவை

மெய்யியலிலும் செவ்விலக்கியத்திலும் ஒரு கருத்தை நிறுவ நம்மிடம் உள்ள முதன்மையான சான்று நூலின் வாசகம்தான். ஆய்வேடுகளையும் ஆய்விதழுக்கு வரும் கட்டுரைகளையும் மதிப்பிடும் பணியில் இருக்கும் நான், வாதத்தைப் படிப்பதற்கு முன்பே அடிக்குறிப்புகளைப் படித்துவிடுவது வழக்கம். வாதம் எவ்வளவு நயமாக அமைந்திருந்தாலும், அது ஊன்றி நிற்கும் வரி மூலநூலில் இல்லை என்றால், அல்லது இருந்தும் நூலாசிரியர் தம் கருத்தாக அதைச் சொல்லவில்லை என்றால், கட்டுரை முழுவதும் ஆட்டம் கண்டுவிடுகிறது. இளம் ஆய்வாளர்கள் இதைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தால் பின்னால் படும் பாடு பெருமளவு குறையும்.

எளிதில் பிடிபடும் பிழை, ஒருவர் எழுதியதை இன்னொருவர் பெயரில் ஏற்றுவது. நாம் திரும்பத் திரும்பச் செய்வது எதுவோ அதுவே நாம் என்னும் வாக்கியம் அரிஸ்டாட்டிலுடையது என்று பலரும் எழுதுகிறார்கள். அது, வில் டியூரண்ட் 1926இல் வெளியிட்ட மெய்யியல் வரலாற்று நூலில், அரிஸ்டாட்டிலின் அறவியலைத் தம் சொற்களில் சுருக்கித் தந்தபோது எழுதியது. உன் கருத்தை நான் ஏற்காவிட்டாலும் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிருள்ளவரை போராடுவேன் என்பது வால்தேரின் வாக்கு அன்று. அவருடைய மனப்போக்கை விளக்குவதற்காக எவெலின் பியாட்ரிஸ் ஹால் 1906இல் எழுதிய வரி. இரண்டு இடத்திலும் விளக்க வந்தவரின் வாக்கியம் காலப்போக்கில் மூல ஆசிரியரின் வாக்கியமாகிவிட்டது. நூலும் இடமும் குறிக்காமல் பெயர் மட்டும் ஒட்டப்பட்டு வரும் மேற்கோளை உறுதிசெய்யும்வரை பயன்படுத்த வேண்டாம் என்றே என் மாணவர்களிடம் சொல்கிறேன்.

இதைவிட ஆழமான சிக்கல், வரி மூலநூலில் உண்மையாகவே இருந்து, அதைப் பேசும் குரல் வேறொருவருடையதாக இருக்கும்போது எழுகிறது. பிளேட்டோவின் 'குடியரசு' முதற்பகுதியில் வலியவரின் நலனே நீதி என்ற வாதம் வருகிறது. அதை முன்வைப்பவர் திராசிமாக்கஸ், அதை மறுப்பதற்காகவே சாக்ரடீஸ் பேசுகிறார். நம் மரபில் இந்த முறை இன்னும் திட்டமாக அமைந்திருக்கிறது. எதிர்த்தரப்பைப் பூர்வபட்சமாக முழுமையாக எடுத்துரைத்த பிறகே ஆசிரியர் தம் முடிவைச் சித்தாந்தமாக நிறுவுவார். அருணந்தி சிவாசாரியாரின் 'சிவஞான சித்தியார்' பரபக்கம் (பிறர் கொள்கை), சுபக்கம் (தம் கொள்கை) என்று இரண்டாகப் பிரிந்திருப்பதே இதற்காகத்தான். பரபக்கத்தில், கண்ணால் காணும் உலகமே உண்மை என்னும் உலகாயதம் முதலான பிற மதங்களின் கொள்கைகளை அவர் எடுத்துரைக்கும் பாடல் ஒன்றைப் பிரித்தெடுத்து, சைவ சித்தாந்தமே இப்படிச் சொல்கிறது என்று எழுதினால், நூலாசிரியர் மறுக்க வந்ததையே அவர் வாயில் திணித்தவர்களாகிறோம். 'மணிமேகலை'யின் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையும் அப்படியே. அளவைவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், பூதவாதி எனப் பலரும் தத்தம் கொள்கையை அங்கே சொல்கிறார்கள். மணிமேகலை கேட்டுக்கொண்டு செல்கிறாள். காப்பியம் தனதாக ஏற்கும் பௌத்த அறம், பௌத்தத் துறவியான அறவண அடிகளின் வாயிலாகப் பின்னால் வருகிறது.

உலகாயதரைப் பற்றி எழுதும்போது கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அவர்களுடைய சொந்த நூல்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் மிகுதி அவர்களை மறுத்தவர்கள் எழுதிவைத்தது. கடன் வாங்கியாவது நெய் குடி என்னும் புகழ்பெற்ற வரி, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வேதாந்தியான மாதவரின் 'சர்வதரிசன சங்கிரக'த்தில் உலகாயதம் பற்றிய அத்தியாயத்தின் இறுதியில் வருகிறது. அதே அத்தியாயத்தின் முற்பகுதியைப் படித்தவர்கள் மிகச் சிலரே. அங்கே இதே சுலோகம், உயிருள்ளவரை இன்பமாக வாழ், மரணத்துக்கு எட்டாதது எதுவும் இல்லை, சாம்பலாகிவிட்ட உடல் மீண்டும் வருவது எங்ஙனம் என்று அமைந்திருக்கிறது. கடனும் இல்லை, நெய்யும் இல்லை. ஒன்று சாவின் முன் நின்று பேசும் நிதானமான கூற்று. மற்றொன்று எதிராளியை எள்ளுவதற்கு ஏற்ற வடிவம். என் கணிப்பில் முன்னதே அந்த மரபுக்கு நெருக்கமானது. வேறு முடிவுக்கு வருபவரும், இரண்டு வடிவங்களும் ஒரே அத்தியாயத்தில் உள்ளன என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். ஒரு சிந்தனை மரபையே பொறுப்பற்ற நுகர்ச்சி என்று ஒற்றை வரியைக் கொண்டு தள்ளிவிடும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

சூழலிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்ட வரிக்கு நாம் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு புறநானூற்றின் 192ஆம் பாடல். கணியன் பூங்குன்றனாரின் முதல் அடியைத் தெரியாதவர் இல்லை. உலக ஒருமைப்பாட்டின் முழக்கமாக அது நிற்பதில் பிழையும் இல்லை. எனினும் 13 அடிகளையும் சேர்த்துப் படித்தால், பேரியாற்று நீரின் வழியே செல்லும் புணைபோல உயிர் முறைவழியே செல்லும் என்ற தெளிவே பாடலின் நடுநாயகம் என்பது விளங்கும். அந்தத் தெளிவிலிருந்துதான் பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்ற முடிவு பிறக்கிறது. முதல் அடியை மட்டும் எடுத்து ஒரு முழு மெய்யியல் கட்டுரையை எழுப்புபவர், பாடலின் காரண காரியத் தொடர்பையே விட்டுவிடுகிறார்.

அடுத்தது பதிப்பு. பிளேட்டோவை 1578ஆம் ஆண்டு ஸ்டெஃபானுஸ் பதிப்பின் பக்க எண்ணாலும், அரிஸ்டாட்டிலை 1831இல் வெளிவந்த பெக்கர் பதிப்பின் எண்ணாலும் குறிக்கிறோம். எந்த மொழியில் படித்தாலும் அதே இடத்தைக் கண்டுபிடிக்க இது உதவுகிறது. திருக்குறளில் நாம் வழங்கும் எண் பரிமேலழகர் உரையின் வரிசையைத் தழுவியது. மணக்குடவர் உரையில் குறள்களின் வைப்புமுறை பல இடங்களில் வேறுபடுவதால், அதிகாரத்துக்குள் குறள்கள் நிற்கும் வரிசையை வைத்து வாதம் செய்பவர் எந்த உரையின் வரிசை என்று சொல்லியாக வேண்டும். புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்தார். 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பழைய உரை 266ஆம் பாடல் வரைதான் உள்ளது. ஆகவே 300ஆம் பாடலுக்குப் பழைய உரைகாரர் இவ்வாறு பொருள் கூறுகிறார் என்று ஓர் ஆய்வேடு எழுதினால், எழுதியவர் நூலைத் திறக்கவில்லை என்பது மதிப்பீட்டாளருக்கு அக்கணமே தெரிந்துவிடும்.

அண்மைக்காலமாக, செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தந்த மேற்கோள்களை அப்படியே ஒட்டிய கட்டுரைகளும் வருகின்றன. அவற்றில் நூற்பெயர், பாடல் எண், உரைகாரர் பெயர் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். குறிப்பிட்ட இடத்தைத் திறந்தால் வேறு பாடல் இருக்கும். பழைய வகைப் பிழையில் பெயர் மட்டுமே தவறாக இருந்தது, இதில் முகவரியும் சேர்ந்து புனையப்படுகிறது. தேடுவதற்குத் துணையாக அச்செயலிகளை வைத்துக்கொள்ளலாம். சான்றாக வைக்கக் கூடாது.

எல்லா மூலநூல்களும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் நான் அறிவேன். மொழி தெரியாமல் போகலாம், நூலகத்தில் அந்தப் பதிப்பு இல்லாமல் போகலாம். அப்போது, இந்த வரி இன்ன நூலில் இன்ன பக்கத்தில் மேற்கோளாகத் தரப்பட்டுள்ளது, மூலத்தைப் பார்க்க இயலவில்லை என்று அடிக்குறிப்பில் எழுதுங்கள். மொழிபெயர்ப்பில் படித்திருந்தால் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் ஆண்டையும் சேருங்கள். அத்தகைய குறிப்பைக் கண்டு நான் ஒருபோதும் மதிப்பெண்ணைக் குறைத்ததில்லை.