குடிநோயாளியின் குடும்பத்துக்கும் சேர்த்து மானியம் கேளுங்கள்

கணவருக்குக் குடிநோய் இருக்கிறது, ஆனால் அவர் சிகிச்சைக்கு வர மறுக்கிறார் என்று சொல்லிக்கொண்டு தனியாக வரும் பெண்களைப் போதை மறுவாழ்வு மையங்களில் பணியாற்றும் சமூகப் பணியாளர்களான நாங்கள் அனைவரும் அறிவோம். அடகுச் சீட்டு, பள்ளிக் கட்டணப் பாக்கி, வாசலில் வந்து நிற்கும் வட்டிக்காரர், இரவில் திடுக்கிட்டு விழிக்கும் பிள்ளை என்று அவர்கள் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் போதாது. கேட்டு முடித்தபின் அவர்களை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்பது எங்களுக்குச் சிக்கலாகிவிடுகிறது. பெயர், வயது, போதைப்பொருள், எத்தனை ஆண்டுப் பழக்கம், சேர்க்கப்பட்ட தேதி என்று கட்டம் போட்ட நோயாளிப் பதிவேட்டில், குடிக்காத, சேர்க்கப்படாத ஒருவருக்கு இடமில்லை. பதிவேட்டில் ஏறாத வேலை ஆண்டறிக்கையில் வராது. ஆண்டறிக்கையில் வராத வேலைக்கு மானியமும் வராது. அதனால்தான், மறுவாழ்வு மையம் நடத்தும் தொண்டு நிறுவனங்கள் இந்தக் குடும்பங்களுக்கும் சேர்த்து மானியம் கேட்க வேண்டும் என்கிறேன்.

தொண்டு நிறுவனங்களுக்குக் கிடைக்கும் முக்கியமான அரசு நிதி, மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் 2018-ல் வகுத்த போதைப்பொருள் தேவைக் குறைப்புத் தேசியச் செயல்திட்டத்தின் வழியாக வருகிறது. அதன்கீழ் நடக்கும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களுக்கு 15 படுக்கை, 30 படுக்கை என்ற கணக்கில்தான் பணியிடங்களும் செலவினங்களும் வகுக்கப்படுகின்றன. குடும்பத்தினருக்கு ஆலோசனை வழங்குவதும் அம்மையங்களின் கடமைதான் என்றாலும், அது படுக்கையில் இருப்பவரின் சிகிச்சைக்கு ஓர் இணைப்பாகவே பார்க்கப்படுகிறது. நோயாளி வீடு திரும்பினாலோ, வரவே மறுத்தாலோ, குடும்பத்துக்கான கதவும் ஏறக்குறைய மூடிக்கொள்கிறது.

எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துவதாகவும், அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுவதாகவும் மதிப்பிட்டது. ஒவ்வொருவர் வீட்டிலும் இன்னும் இரண்டு பேர் என்று குறைத்தே கணக்கிட்டாலும், பாதிக்கப்பட்டவர்கள் பதினோரு கோடிக்கு மேல் வருகிறார்கள். தமிழ்நாட்டில் மது விற்பனையால் அரசுக்குக் கிடைக்கும் வருவாய் 2023-24-ல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் இந்த வீடுகளின் பங்கு எவ்வளவு என்று கேட்கத் தோன்றுவது இயல்பே, ஆனால் மானிய விண்ணப்பத்தில் அந்த வாதத்தை வைத்துப் பயனில்லை.

விண்ணப்பத்தில் பயன்படுவது, குடும்பச் சேவை என்றால் என்ன என்பதைத் துல்லியமாகச் சொல்வதுதான். 1980-ல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. போதைச் சிகிச்சை மருத்துவமனை, குடும்பத்தினருக்கென்று தனிச் சிகிச்சைத் திட்டம் வைத்திருப்பது நம் கண்ணெதிரே உள்ள முன்மாதிரி. நோயாளி வராத குடும்பத்துக்கு, இங்கிலாந்தில் உருவான ஐந்து படி முறை பொருந்துகிறது: குறுக்கிடாமல் கேட்பது, நோயைப் பற்றி விளக்குவது, இதுவரை எப்படிச் சமாளித்தார்கள் என்று அலசுவது, யார் துணை நிற்பார்கள் என்று தேடுவது, மேற்கொண்டு என்ன தேவை என்று பார்ப்பது. பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களைக் கொண்டே இவ்வகைச் சேவையை வழங்க முடியுமா என்று கோவாவில் சங்காத் என்ற மனநலத் தொண்டு அமைப்பு சோதித்துப் பார்த்திருக்கிறது. நிபுணர் பற்றாக்குறையைக் காட்டித் தட்டிக்கழிப்பவர்களுக்கு இது நல்ல பதில். குடிநோயாளிகளின் குடும்பத்தினர் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அல்-அனான் குழுக்களுக்கும் பெண்களை அனுப்பலாம். வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை என்பது அவர்கள் மரபு என்பதால், அக்குழுக்களுக்கென்று மானியம் கேட்பதில் பொருளில்லை.

செலவுப் பட்டியலில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் கோட்டைவிடுகின்றன. 'குடும்ப ஆலோசனை' என்று ஒற்றை வரி எழுதி, அதற்கு ஒரு மொத்தத் தொகை போட்டால், முதல் வெட்டு அதன்மேல்தான் விழும். குடும்பங்களுக்கென்றே ஒரு முழுநேர ஆலோசகரின் ஊதியத்தைத் தனியாகக் காட்டுங்கள். வார நாளில் கூட்டம் வைத்தால் நூறு நாள் வேலைக்கோ சித்தாள் வேலைக்கோ போகும் பெண் அன்றைய கூலியை இழக்கிறார். எனவே ஞாயிறு அல்லது மாலை நேரக் கூட்டத்துக்கான ஏற்பாட்டையும் பேருந்துக் கட்டணத்தையும் சேருங்கள். கைப்பிள்ளையோடு வருபவர் பேச வேண்டுமானால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஒரு தனி அறை வேண்டும். மாமியாரும் மருமகளும் ஒரே வராந்தாவில் அமர்ந்திருக்கும்போது யாரும் உண்மையைச் சொல்வதில்லை. குடித்துவிட்டு வந்தவர் கதவை உதைக்கும் இரவு பத்து மணிக்கு யாராவது எடுக்கும் ஒரு கைபேசியும், அதை வைத்திருக்கும் பணியாளருக்கு ஒரு சிறு படியும் வேண்டும். இவை அனைத்தையும் கூட்டினாலும் ஒரு படுக்கைப் பிரிவை நடத்தும் செலவில் சிறு பகுதிதான் வரும்.

அரசுத் திட்டத்தின் வரையறைக்குள் அடங்காதவற்றுக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நாடலாம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுக்கு உட்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை ஒதுக்க வேண்டும். அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் நோய்த்தடுப்பு உள்ளிட்ட சுகாதாரப் பணியும் பெண்களின் மேம்பாடும் இடம்பெற்றுள்ளன. குடும்பச் சேவையை இவ்விரண்டின் பெயரிலும் முன்வைக்கலாம். இலவசச் சட்ட உதவிக்குப் பணம் கேட்காதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அதைப் பெறலாம். அங்கே அழைத்துச் செல்லும் பயணச் செலவு மட்டும் போதும்.

எத்தனை பேர் குடியை விட்டார்கள் என்று நிதி தருபவர்கள் கேட்பார்கள். அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் குடும்பச் சேவை தோற்றதாகவே கணக்காகும், ஏனென்றால் கணவர் குடியை விடாமலே மனைவியின் நிலை மேம்படக்கூடும். அவருடைய உறக்கம், மனச்சோர்வு, வீட்டில் அடிதடி நடக்கும் தடவை, பிள்ளையின் பள்ளி வருகை ஆகியவற்றைத் தொடக்கத்திலும் ஆறு மாதம் கழித்தும் அளந்து காட்டுவதாக விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்கென்று தனிக் குடும்பப் பதிவேடு ஒன்றைத் தொடங்குங்கள். நோயாளியின் எண்ணோடு இணைக்காமல் தனி எண் கொடுங்கள்.

நன்கொடை நிறுவனங்கள் 'வெற்றிக் கதை' கேட்டு நிழற்படமும் அனுப்பச் சொல்வதுண்டு. தெருவுக்குத் தெரியாமல் நம்மிடம் வந்த பெண்ணின் முகம் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தால் அவர் மறுபடி வரமாட்டார், அவரைப் பார்த்து வரவிருந்த பக்கத்து வீட்டுக்காரரும் வரமாட்டார். பெயர், படம், ஊர் எதுவும் தரப்படாது, எண்ணிக்கைகள் மட்டுமே தரப்படும் என்ற நிபந்தனை, கையெழுத்தாகும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.