பெனன்ட்: கோப்பை அன்று, கொடி

அமெரிக்க பேஸ்பால் வரலாற்றைத் தமிழில் தருவோர் லீக்கில் முதலிடம் பெறுவதைக் குறிக்கும் ‘பெனன்ட்’ என்னும் சொல்லைக் கண்டவுடன் ‘கோப்பை’ என்று எழுதிவிடுகிறார்கள். கிரிக்கெட்டும் கால்பந்தும் எழுதிப் பழகிய கைக்கு அது தானாக வந்துவிடுகிறது. ‘1951இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் கோப்பையை வென்றது’ என்ற வாக்கியத்தைப் படிக்கும் தமிழர், அந்த ஆண்டின் இறுதி வெற்றி ஜயன்ட்ஸ் அணிக்கே கிடைத்தது என்றுதான் நினைப்பார். உண்மையில் அவ்வாண்டு, இரு லீக்குகளின் முதலிட அணிகள் மோதும் உலகத் தொடரில் அந்த அணி நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் 4–2 என்ற கணக்கில் தோற்றது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கப்பலில் பறக்கும், கம்பத்தருகே அகன்று முனை நோக்கிக் குறுகும் நீண்ட கொடிக்கு ஆங்கிலத்தில் பெனன்ட் என்று பெயர். தொங்குவதைக் குறிக்கும் ‘பெண்டன்ட்’ என்ற சொல்லும், ஈட்டி முனையில் கட்டப்பட்ட சிறுகொடியாகிய ‘பெனன்’ என்ற சொல்லும் கலந்து இது உருவானது. பின்னதன் வேர் இறகைக் குறிக்கும் ‘பென்னா’ என்ற லத்தீன் சொல். பேஸ்பாலில் லீக்கின் முதலிடத்தைப் பிடித்த அணி அத்தகைய கொடியைத் தன் மைதானத்தில் ஏற்றும் உரிமை பெற்றது. நாளடைவில் அந்த முதலிடத்துக்கே கொடியின் பெயர் நிலைத்துவிட்டது.

‘கோப்பை என்றால் வெற்றி என்றுதானே பொருள், இதற்கு ஏன் இவ்வளவு சச்சரவு’ என்று கேட்பவர்கள், 1890களின் டெம்பிள் கோப்பையைப் பார்க்க வேண்டும். அது மெய்யாகவே ஒரு கோப்பை. ஜயன்ட்ஸ் ஆடிய நேஷனல் லீக்கில் முதலிரண்டு இடங்களைப் பெற்ற அணிகள் பருவம் முடிந்தபின் அதற்காக மோதின. 1894இல் கொடியை வென்றது பால்டிமோர் ஓரியோல்ஸ். கோப்பையை வென்றது இரண்டாமிடத்தில் இருந்த இதே நியூயார்க் ஜயன்ட்ஸ். இரண்டையும் ‘கோப்பை’ என்று எழுதுபவர் அந்த ஆண்டின் கதையை எப்படிச் சொல்வார் என்று எனக்கு விளங்கவில்லை. மேலும், உலகத் தொடரை வென்ற அணிக்கு வெற்றிச் சின்னம் வழங்கும் வழக்கமே 1967இல்தான் தொடங்கியது; அந்தச் சின்னமும் கிண்ண வடிவில் அமையாமல், சிறு கொடிகள் வட்டமாக நிற்கும் வடிவிலேயே அமைந்திருக்கிறது.

இன்னும் ஆழமான குறை ஒன்று உண்டு. கோப்பை என்றால் நம் மனத்தில் எழுவது, தோற்றவர் வெளியேறிவிடும் போட்டி. கொடியோ ஒரு பருவம் முழுவதும் சேர்த்த கணக்கின் முடிவு. 1951இல் நேஷனல் லீக்கில் எட்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் 154 ஆட்டங்கள். ஆகஸ்ட் 11 அன்று ஒரு கட்டத்தில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் 70 வெற்றி, 35 தோல்வி. லியோ டுரோச்சர் மேலாளராக நடத்திய ஜயன்ட்ஸ் 59 வெற்றி, 51 தோல்வி. வெற்றியில் 11, தோல்வியில் 16 என்ற வேறுபாடுகளைக் கூட்டிப் பாதியாக்கினால் வரும் பதின்மூன்றரை ஆட்டங்களே இடைவெளி. (அந்த அரையைக் கண்டு மிரண்டு ‘சுமார் 13 போட்டிகள்’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள், கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் ‘சுமார்’ வந்திருக்காது.) மீதமிருந்த 44 ஆட்டங்களில் 37ஐ வென்ற ஜயன்ட்ஸ், 96–58 என்ற நிலையில் டாட்ஜர்ஸ் அணியோடு சமனாகப் பருவத்தை முடித்தது. அதன்பின் நடந்த மூன்று ஆட்டத் தொடரைக்கூட லீக் பருவத்தின் பகுதியாகவே கணக்கில் சேர்த்தார்கள். அதனால்தான் அந்த அணியின் இறுதிக் கணக்கு 98–59 என்று நிற்கிறது. அக்டோபர் 3 அன்று போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில், கடைசி இன்னிங்ஸில் ரால்ஃப் பிராங்கா வீசிய பந்தை பாபி தாம்சன் ஹோம் ரன்னாக அடித்து 5–4 என்று வென்று தந்தபோது, வானொலி வர்ணனையாளர் ரஸ் ஹாட்ஜஸ் திரும்பத் திரும்பக் கூவியது இந்தக் கொடியைப் பற்றித்தான்.

மாற்றாகச் சிலர் கையாளும் ‘பட்டம்’ கோப்பையைவிட மேல் என்றாலும், லீக்கின் பட்டமா உலகத் தொடரின் பட்டமா என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. ‘பதாகை’ கொடியைக் குறித்த பழஞ்சொல்தான். ஆனால் இன்று அதைக் கேட்டால் ஊர்வலத்தில் தூக்கிச் செல்லும் துணியும், தெருமுனையில் சிரித்த முகங்களோடு நிற்கும் பிளெக்ஸ் பலகையும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘முக்கோணக் கொடி’ வடிவத்தைச் சொல்கிறதேயன்றி வெற்றியைச் சொல்வதில்லை.

என் தேர்வு ‘வாகைக்கொடி’. தொல்காப்பியர் வாகைத் திணையைப் போர்வெற்றிக்கு மட்டும் உரியதாக்காமல், அவரவர் தத்தம் துறையில் மேம்பட்டு நிற்பதற்கும் உரியதாக்கியிருப்பதால், விளையாட்டுக்கு அச்சொல் நன்றாகப் பொருந்துகிறது. கட்டுரையில் முதன்முறை ‘நேஷனல் லீக் வாகைக்கொடி’ என்று எழுதிவிட்டால், பிறகு வெறும் ‘கொடி’ போதும். ‘கொடி நாட்டுதல்’ என்ற வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால், ஹாட்ஜஸின் கூவலைக்கூட ‘ஜயன்ட்ஸ் கொடி நாட்டிவிட்டது!’ என்று உயிரோடு தரலாம்.

1969 முதல் லீக்குகள் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, கொடி யாருக்கு என்பது பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்களில் முடிவாகிறது. அந்த ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது, பிரிவில் மட்டும் முதலிடம் பெற்ற அணி கொடி வென்றதாக எழுதக்கூடாது. லீக் முழுவதையும் வென்ற அணிக்கே அச்சொல் உரியது.