ஸ்லீவா, பைபாஸா? முதலில் தலையணையை எண்ணுங்கள்

"டாக்டர், எனக்கு ஸ்லீவ்தானுங்க வேணும். எங்க நாத்தனாருக்கு அதுதான் பண்ணாங்க. ஒரே வருஷத்துல முப்பத்திரண்டு கிலோ குறைஞ்சுட்டாங்க."

திருப்பூர் பக்கத்திலிருந்து வந்திருந்தார். வயது 45, எடை 108 கிலோ, பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 43. (இந்தக் கட்டுரையில் வரும் எல்லோருடைய ஊரையும் வயதையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) எடை குறைக்க எந்த ஆபரேஷன் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, தேதி வாங்க வந்திருந்தார். "ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுக்கறீங்கம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"மூணுங்க. கீழ வச்சுப் படுத்தா புளிச்ச தண்ணி தொண்டைக்கு வந்துடும்."

கைப்பையில் பாதி காலியான ஜெலுசில் பாட்டில் இருந்தது. பல வருடமாக அது பையிலேயே இருப்பதால் அதை அவர் ஒரு நோயாகவே நினைக்கவில்லை. "கேஸ் டிரபிள்" என்று சொல்லி விட்டுவிட்டார். எண்டோஸ்கோபி செய்து பார்த்தால் உணவுக்குழாயின் அடிப்பகுதி புண்ணாகியிருந்தது. இரைப்பையின் மேற்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் மூன்று சென்டிமீட்டர் ஏறியிருந்தது. நாத்தனாருக்கு அத்தனை நன்றாக ஒத்துப்போன ஸ்லீவை இவருக்குச் செய்திருந்தால், எடை குறைந்த பிறகு தலையணை மூன்றிலிருந்து ஐந்தாகியிருக்கும்.

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் "எதில் அதிக கிலோ குறையும்?" என்றுதான் கேட்கிறார்கள். எந்த ஆபரேஷன் என்பதைக் கிலோவை வைத்து நான் முடிவு செய்வதில்லை. நெஞ்செரிச்சல் எப்படி, சர்க்கரை எத்தனை வருடமாக, என்ன சாப்பிடுகிறார், வாழ்நாள் முழுக்க சத்து மாத்திரை போட முடியுமா, இதையெல்லாம் கேட்ட பிறகுதான் அந்தப் பேச்சுக்கே வருவேன்.

ஸ்லீவில் என்ன செய்கிறோம் என்றால், இரைப்பையை நீளவாக்கில் ஸ்டேப்ளரால் தைத்து வெட்டி, ஏறக்குறைய முக்கால் பங்கை வெளியே எடுத்துவிடுகிறோம். மிச்சமிருப்பது வாழைப்பழம் போல ஒரு குழாய். ஒரு காபி டம்ளர் அளவுதான் கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது, வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில்தான். அதனால் முதல் சில மாதங்கள் பலருக்குப் பசியே மறந்துபோகிறது. குடலைத் தொடுவதில்லை. உலகம் முழுக்க இன்று அதிகம் செய்யப்படுவது இதுதான். பலருக்கு நானும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். ஆனால் வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதை இரண்டு முறை சொல்வேன்.

சிக்கல் அந்தக் குழாயில் இருக்கிறது. பையாக இருந்தவரை சாப்பாடு போனால் விரிந்துகொடுத்தது. குழாய் அப்படி விரியாது. இரைப்பையின் கீழ்வாசல் மூடியிருக்கும்போது உள்ளே ஏறும் அழுத்தம் மேல்பக்கமாகத்தான் தள்ளும். பின்லாந்தில் 240 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்லீவும் மறு பிரிவுக்கு பைபாஸும் செய்து, பத்து வருடம் கழித்தும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். உயரத்துக்கு இருக்க வேண்டிய எடைக்கு மேல் இருந்த கூடுதல் எடையில் ஸ்லீவ் 43.5 சதவீதத்தையும் பைபாஸ் 51.9 சதவீதத்தையும் குறைத்திருந்தது. 2022-ல் வெளியான அந்த முடிவில் நான் நோயாளிகளிடம் காட்டுவது இன்னொரு எண். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் புண், ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு. பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்கு.

அந்த அம்மாவிடம் "பைபாஸ்" என்று சொன்னதும் கணவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஹார்ட்லயும் ஏதாவது இருக்குங்களா?" நம் ஊரில் பைபாஸ் என்றாலே இதயம்தான். உட்கார வைத்து, ஓ.பி. சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினேன். இரைப்பையின் உச்சியில் சின்னதாக ஒரு பை மட்டும் பிரித்துக்கொள்கிறோம். இருமல் மருந்து அளக்கும் மூடியில் மூன்று மூடி, அதாவது 30 மில்லி அளவு. சிறுகுடலை ஒரு இடத்தில் வெட்டி, கீழ்ப்பக்கத்தை மேலே கொண்டுவந்து அந்தப் பையோடு இணைக்கிறோம். மேல்பக்கத்துக் குடலைக் கீழே இன்னொரு இடத்தில் சேர்த்துவிடுகிறோம். மீதி இரைப்பையை எடுப்பதில்லை. அது உள்ளேயே இருக்கும், சாப்பாடு மட்டும் அதன் வழியாகப் போகாது. புளித்த தண்ணீர் மேலே ஏறுவது பெரும்பாலும் நின்றுவிடும். நெஞ்சுக்குள் ஏறியிருந்ததைக் கீழே இறக்கித் தைத்து, அவருக்கு இதைத்தான் செய்தோம்.

இதனால் பைபாஸ்தான் உயர்ந்தது என்று எண்ண வேண்டாம். மூட்டுவாதத்துக்கு தினமும் வலி மாத்திரை போடுகிறவருக்கும் புகை பிடிப்பதை விட முடியாதவருக்கும் பைபாஸின் இணைப்பில் புண் வரும் அபாயம் அதிகம். புண் ஓட்டையானால் அவசர ஆபரேஷனில் போய் நிற்கும். குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் இருந்தால் எனக்குத் தயக்கம் இன்னும் கூடும், ஏனென்றால் உள்ளே விட்டுவிட்ட இரைப்பையைச் சாதாரண எண்டோஸ்கோபியால் எட்டிப் பார்க்க முடியாது. குடலை மாற்றி இணைக்கும்போது உண்டாகும் இடைவெளியில் பின்னாளில் குடல் நுழைந்து சிக்கிக்கொள்ளலாம். பைபாஸ் செய்தவருக்கு எத்தனை வருடம் கழித்தானாலும் சரி, திடீரென்று கடுமையான வயிற்று வலி வந்தால் "கேஸ்தான்" என்று வீட்டில் இருக்கக் கூடாது. பாயசம், ஜூஸ் போன்ற இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் படபடப்பு, வியர்வை, மயக்கம் வரும். மதுவும் வேகமாக ரத்தத்தில் ஏறும். குடிப்பழக்கம் உள்ளவர் அதை மறைக்காமல் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் சர்க்கரை. மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். பதினாறு வருட சர்க்கரை, நாளைக்கு 60 யூனிட் இன்சுலின். "பைபாஸ் பண்ணா சுகர் போயிடும்னு யூடியூப்ல சொன்னாங்க" என்றார். சிலருக்குப் போகிறது, உண்மைதான். குடலின் பாதை மாறும்போது இன்சுலினைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுவதால், எடை குறைவதற்கு முன்பே சர்க்கரை இறங்குவதைப் பார்க்கிறோம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் 150 சர்க்கரை நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வில், ஐந்து வருட முடிவில் மூன்று மாத சராசரி சர்க்கரை 6-க்குள் வந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். மருந்தைவிடப் பல மடங்கு நல்ல முடிவு. ஆனாலும் பத்துப் பேரில் ஏழு பேர் அந்தக் கோட்டைத் தொடவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

யாருக்குப் போகும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். வயது, பி.எம்.ஐ., சி-பெப்டைட், சர்க்கரை வந்து எத்தனை வருடம் என்ற நான்கையும் வைத்து தைவானின் அறுவை சிகிச்சை நிபுணர் வெய்-ஜெய் லீ ஒரு மதிப்பெண் கணக்கு வகுத்திருக்கிறார். கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதைக் காட்டுவது சி-பெப்டைட். கடைக்காரருக்கு அது மிகக் குறைவு. "முழுசாப் போகாதுங்க, குறையும்" என்று நேராகச் சொன்னேன். யோசித்து, அப்படியும் பைபாஸ்தான் வேண்டும் என்றார். இன்று 14 யூனிட்டில் இருக்கிறார். போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருந்தால், இதே 14 யூனிட் அவருக்கு ஏமாற்றமாகத் தெரிந்திருக்கும்.

மினி பைபாஸ் என்று ஒன்று இருக்கிறது. 1997-ல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ரட்லெட்ஜ் தொடங்கியது. நம் நாட்டில் நிறையச் செய்கிறார்கள், நானும் செய்கிறேன். "மினி" என்ற பெயரைக் கேட்டுச் சின்ன ஆபரேஷன் என்று நினைத்துவிடுகிறார்கள். இணைப்பு இரண்டுக்குப் பதில் ஒன்று, அதனால் நேரம் குறையும். ஆனால் சாப்பாடு தாண்டிப்போகும் குடலின் நீளம் பொதுவாக 150 முதல் 200 சென்டிமீட்டர், சாதாரண பைபாஸைவிட அதிகம். எல்லோருடைய சிறுகுடலும் ஒரே நீளம் கிடையாது. ஆறு மீட்டர் இருப்பவரிடம் இரண்டு மீட்டரைத் தாண்டவிட்டால் நாலு மீட்டர் மிச்சம். நாலு மீட்டரே இருப்பவரிடம் அதையே செய்தால் சத்து உறிஞ்ச இடம் போதாது. அளந்து பார்ப்பீர்களா என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். பிரான்சில் இரண்டு பைபாஸையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியான ஆய்வில் எடை இரண்டிலும் ஒரே அளவுக்குத்தான் குறைந்தது. கடுமையான ஊட்டக்குறைபாடு மட்டும் மினி பைபாஸ் பக்கம் அதிகம் இருந்தது.

வேறு இடத்தில் மினி பைபாஸ் செய்துகொண்ட ஒருவர் மூன்று வருடம் கழித்து என்னிடம் வந்தார். இரண்டு காலும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் வெறும் 2.1, ஹீமோகுளோபின் 7. காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் ரசம் சாதம். மாத்திரைகளை ஆறு மாதத்தோடு நிறுத்தியிருந்தார். "எடைதான் குறைஞ்சிடுச்சே, அப்புறம் எதுக்குங்க மாத்திரை?"

இந்த ஒரு கேள்விக்காகவே எழுத உட்கார்ந்தேன். ஸ்லீவானாலும் பைபாஸானாலும் நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். இரண்டு இட்லியில் நாலு கிராம் போலத்தான். சைவம் சாப்பிடுகிறவர் பனீர், தயிர், சுண்டல், சோயா, புரதப் பவுடர் என்று கணக்குப் போட்டுச் சாப்பிட்டால்தான் எட்டும். இரும்புச்சத்து, பி12, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் வாழ்நாள் முழுக்க. மாதவிடாயில் அதிக ரத்தம் போய் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 9-ல் இருக்கும் பெண்ணுக்கு, அதைச் சரிசெய்யாமல் குடலை மாற்ற எனக்குக் கை வராது.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது டாக்டர்" என்று அம்மாக்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். நிச்சயம் ஆவதற்கு முன் மகளுக்கு ஸ்லீவ். தழும்பு தெரியுமா என்பதுதான் கவலை. அப்படி ஒரு பெண், 25 வயது. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்தில் கல்யாணம். மாத்திரைகளைப் பெட்டியின் அடியில் மறைத்துக்கொண்டு போனாள். மாமியார் பார்த்துவிடுவார் என்ற பயத்தில் ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டாள். பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் கருத்தரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தோம். அதைக் கணவனிடம் எந்தக் காரணம் சொல்லி விளக்குவாள்? கல்யாணமான நாலாவது மாதம் கர்ப்பம். மசக்கை வாந்தி. அருகிலிருந்த மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஆபரேஷன் நடந்ததை அவள் சொல்லாததால் வழக்கமான மசக்கைக்குச் செய்வதைத்தான் செய்தார்கள். மூன்றாம் நாள் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, நடக்கும்போது தள்ளாடியது. தயமின் என்ற பி1 சத்து முழுதும் வற்றிப்போய் மூளை பாதிக்கப்பட்ட நிலை. தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் அது இன்னும் மோசமாகும். அவளுடைய அம்மா போனில் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்ன பிறகுதான் ஊசி வழியாக தயமின் போனது. பார்வை சீக்கிரம் தெளிந்தது. சுவரைப் பிடிக்காமல் நடக்க இரண்டு மாதம் ஆயிற்று.

அவளுக்குச் செய்தது ஸ்லீவ்தான், குடலைத் தொடவே இல்லை. "குடலைத் தொடாததால் மாத்திரை வேண்டாம்" என்பவர்களுக்கு அவளை நினைத்துத்தான் பதில் சொல்கிறேன். ஒளிவு மறைவாக வாழ வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இப்போது நான் எந்த ஆபரேஷனும் செய்வதில்லை. கல்யாணம் முடியட்டும், கணவனோடு சேர்ந்து வாருங்கள் என்கிறேன். கோபித்துக்கொண்டு வேறு இடம் போகிறவர்கள் உண்டு. சரி, அவர்களுக்கும் ஒன்று சொல்லி அனுப்புகிறேன்: இரண்டு நாளுக்கு மேல் வாந்தி நிற்கவில்லை என்றால், எந்த மருத்துவமனையானாலும் முதலில் ஆபரேஷன் ஆனதைச் சொல்லுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரைப்பையில் பட்டை மாட்டும் முறை, பட்டை நழுவுவதாலும் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போவதாலும் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. இரைப்பைக்குள் வைக்கும் பலூன் சில மாதங்களில் எடுக்கப்படுவது. எடுத்த பிறகு எடை திரும்புவது சகஜம். 2025-ல் இந்தியாவுக்கு வந்த மௌஞ்சாரோ, வெகோவி என்ற எடை குறைப்பு ஊசிகள் நன்றாகவே வேலை செய்கின்றன, நிறுத்தினால் பலருக்கு எடை ஏறுகிறது. ஊசி போட்டுக்கொண்டிருப்பவர் எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பட்டினியாக இருந்தும் வயிற்றில் சாப்பாடு தங்கியிருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம்.

காப்பீடு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல், அல்லது 35-ஓ அதற்கு மேலோ இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சடைப்பு, இதய நோய் போன்றவை இருக்க வேண்டும். மருத்துவ வழிகாட்டுதலோ 2022-லேயே ஆசியர்களுக்கு 27.5-லிருந்து யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டது. இடைப்பட்டவர்கள் கைக்காசில்தான் செய்ய வேண்டியிருக்கிறது. 34-ல் இருந்த ஒரு தம்பி காப்பீட்டுக்காகச் சாப்பிட்டு எடையை ஏற்றிக்கொண்டு வந்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கல்லீரலில் கொழுப்பு கூடி ஆபரேஷனே கடினமாகிறது.

ஆலோசனைக்கு வரும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு, கேஸுக்கும் மூட்டு வலிக்கும் மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடும் மாத்திரை அட்டைகளையும் அப்படியே பையில் போட்டு எடுத்து வாருங்கள். உங்கள் வீட்டில் சமைப்பவர் வேறு யாராவது என்றால் அவரையும் அழைத்து வாருங்கள், பாதி நேரம் அவரிடம்தான் பேச வேண்டியிருக்கும்.