ஓவர்லோட் ரிலே டிரிப் ஆனால் செட்டிங்கை ஏற்றாதீர்கள்

மோட்டார் எரிந்துவிட்டது என்று கூப்பிட்டால் நான் நேராகப் பேனலுக்குத்தான் போவேன். மோட்டார் அளவுக்கு மீறி ஆம்பியர் இழுத்தால் டிரிப் ஆகி அதை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயின் திருகு எந்த எண்ணில் நிற்கிறது என்று முதலில் பார்ப்பேன். மோட்டாரின் நேம் பிளேட்டில் முழுச் சுமைக்கு 28 ஆம்பியர் என்று இருக்கும், ரிலே 36-இல் நிற்கும். கேட்டால், "அடிக்கடி டிரிப் ஆச்சு சார், புரொடக்‌ஷன் நிக்கக் கூடாதுன்னு கொஞ்சம் ஏத்தி வெச்சோம்" என்பார்கள்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மோட்டாரின் வைண்டிங்கில், அதாவது செம்புக் கம்பிச் சுற்றில், பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 28 ஆம்பியர் 36 ஆனால் அந்த வெப்பம் ஏறக்குறைய 65 சதவீதம் கூடிவிடும். இன்சுலேஷன் தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் அதன் ஆயுள் சுமார் பாதியாகக் குறையும் என்பது மின்துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் விதி. எஃப் கிளாஸ் என்ற இன்சுலேஷன் வகையில் வைண்டிங்கின் எல்லை 155 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டி ஓடும் மோட்டார் அன்றைக்கே எரியாது. சில மாதம் கழித்து எரியும்போது, செட்டிங்கை ஏற்றிய நாள் யாருக்கும் நினைவிருக்காது.

டிரிப் ஆன மோட்டாரில் எரிந்த வாடையோ வேறு சேதமோ இல்லை, ரிலேயும் ஆறிவிட்டது என்றால், ஒருமுறை ஓடவிட்டு மூன்று பேஸிலும் கிளாம்ப் மீட்டரை (ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள். மூன்றும் சமமாக உயர்ந்திருந்தால் பெரும்பாலும் குறை இயந்திரத்தின் பக்கம்: பியரிங் இறுகியிருக்கலாம், பெல்ட் அளவுக்கு மீறி இழுக்கப்பட்டிருக்கலாம், பம்ப்பில் ஏதாவது சிக்கியிருக்கலாம். சப்ளை வோல்டேஜே மொத்தமாகக் குறைந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

ஒரு பேஸ் மட்டும் விலகி நின்றால் மோட்டார் டெர்மினலில் மூன்று ஜோடி வோல்டேஜையும் அளக்க வேண்டும். 415, 410, 396 என்று வந்தால் சராசரி 407. அதிலிருந்து அதிகபட்ச விலகல் 11 வோல்ட், அதாவது 2.7 சதவீதம். பார்க்கச் சிறியதுதான். ஆனால் வோல்டேஜில் உள்ள ஏற்றத்தாழ்வு மின்னோட்டத்தில் 6 முதல் 10 மடங்காகத் தெரியும். அமெரிக்க மின்சாதன உற்பத்தியாளர் சங்கமான நேமாவின் தரநிலைப்படி 1 சதவீதத்தைத் தாண்டினாலே மோட்டாரின் சுமையைக் குறைக்க வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் ஓட்டவே கூடாது.

குறை சப்ளையிலா மோட்டாரிலா என்று பிரிக்க எளிய வழி உண்டு. சப்ளையைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்த பிறகு, மோட்டாரிலிருந்து வரும் மூன்று லீடையும் (ஒயர் முனை) ஒரே வரிசையில் ஓரிடம் நகர்த்தி மாட்டுங்கள். சுழலும் திசை மாறாது. அதிக ஆம்பியர் பழைய லைனிலேயே நின்றால் சப்ளை, மோட்டாரின் லீடோடு சேர்ந்து நகர்ந்தால் வைண்டிங்.

ஆம்பியர் சரியாக இருந்தும் டிரிப் ஆகிறதா? ரிலே டெர்மினலின் ஸ்க்ரூவைப் பாருங்கள். ரிலேக்குள் சூட்டில் வளைந்து டிரிப் செய்வது பைமெட்டல் தகடு; தளர்ந்த இணைப்பின் சூடே அதை வளைத்துவிடும். ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் டிரிப் ஆனால், பெரிய ஃபேன் போலப் பாரமான சுமைக்கு கிளாஸ் 10 ரிலே போட்டிருக்கலாம். அது செட்டிங்கைப்போல் 7.2 மடங்கு மின்னோட்டத்தில் 10 வினாடிக்குள் விழும்படி செய்யப்பட்டது. அங்கே தேவை, 20 வினாடி வரை பொறுக்கும் கிளாஸ் 20. மோட்டார் அவ்வளவு நேரம் தாங்குமா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

மோட்டாரை ஸ்டார் இணைப்பில் கிளப்பிப் பிறகு டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் நான் அதிகம் காணும் பிழை இதுதான்: ரிலே மெயின் கான்டாக்டருக்கு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) கீழே, வைண்டிங்கோடு தொடரில் இருந்தால் அதன் வழியே போவது லைன் மின்னோட்டத்தில் 0.58 பங்கு மட்டுமே. 28 ஆம்பியர் மோட்டாருக்கு 16.2 என்று வைக்க வேண்டும். அங்கே 28 என்று வைத்தால் 48 ஆம்பியர் வரை ரிலே வாய் திறக்காது.

இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் மெக்கர் டெஸ்ட் பலருக்கு முதல் வேலை. 1000 வோல்ட்டுக்குக் குறைந்த மோட்டாருக்கு 500 வோல்ட் டிசி கொடுத்து ஒரு நிமிடம் கழித்துப் படிக்கிறோம். ஐஇஇஇ 43 என்ற தரநிலை இந்த வகை மோட்டாருக்குக் கேட்கும் குறைந்தபட்சம், 40 டிகிரிக்குத் திருத்திய மதிப்பில் 5 மெகாஓம். ஆனால் சென்ற வருடம் 200 காட்டிய மோட்டார் இன்று அதே சூட்டில் 20 காட்டினால், 'பாஸ்' என்று எழுதி நகர்ந்துவிட எனக்கு மனம் வராது. ஈரமோ தூசியோ உள்ளே போயிருக்கிறது. இன்னொன்று, ஒரே காயிலின் சுற்றுகளுக்குள் ஏற்படும் ஷார்ட் பாடிக்கு வராதவரை மெக்கரில் தெரியவே தெரியாது. மோட்டாரோடு அதன் வேகத்தை மாற்றும் டிரைவ் இணைந்திருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் டிரைவ் போய்விடும். டெஸ்ட் முடிந்ததும் வைண்டிங்கை டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைக்காதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது, ரிலே விழும்போது திறந்து மோட்டாரை நிறுத்த வேண்டிய 95-96 கான்டாக்ட்டின் குறுக்கே போட்ட ஒயர் துண்டுதான். ரிலே விழுந்தாலும் கான்டாக்டர் விடாது. ஒரு பேஸ் அறுந்தால் மற்ற இரண்டிலும் ஆம்பியர் எகிறும், தடுக்க எதுவும் இருக்காது. பேனலைத் திறக்கும்போதெல்லாம் அந்த இரண்டு டெர்மினலையும் ஒருமுறை பாருங்கள். ஒயர் இருந்தால் கழற்றிவிட்டு, அது ஏன் போடப்பட்டது என்று ஷிஃப்ட்டில் இருப்பவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்திலிருந்து தேடத் தொடங்கலாம்.